அம்மாச்சியின் தாய் வீடு

அம்மாச்சி தவறிய பிறகு ஒரு வருஷம் எந்த மலைக்கோயிலும் ஏறவில்லை. தலைத்திவசம் முடிந்த மறுவாரமே அம்மா கேட்டார், "தாயுமானவரைப் பார்த்துட்டு வந்துடலாமா?"

திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு பூவன் தார் வாங்கிக்கொண்டோம். அடிவாரத்தில் மாணிக்க விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏற ஆரம்பித்தோம். உச்சிவரை 417 படி என்பார்கள். தார் என் தோளில், அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால். அவருக்கு இப்போது 72 வயது. மலைக்கோட்டைக்கு வருகிறவர்களில் பலர் நேரே உச்சிப் பிள்ளையாரிடம் போய்விட்டு, நடுவில் இருக்கும் தாயுமானவரைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அம்மாச்சிக்கு மலைக்கோட்டை என்றாலே தாயுமானவர்தான்.

அந்தக் கதையை அவர் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன்! நிறைமாதக் கர்ப்பிணி ரத்னாவதி. அவள் தாய் ஆற்றுக்கு அக்கரையில். காவிரியில் வெள்ளம் வந்துவிட்டது, தாயால் கடக்க முடியவில்லை. சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்தபோது வீட்டில் இரண்டு தாய்கள். ஒருவர் மறைந்தார். சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இன்றும் இதை நடத்திக் காட்டுகிறார்கள். சுகப்பிரசவம் ஆனவர்கள் வாழைத்தார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

இதோடு அம்மாச்சி தன் கதையையும் சேர்த்துத்தான் சொல்வார். பிறந்தது முசிறி, வாழ்க்கைப்பட்டது எதிர்க்கரைக் குளித்தலை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் ஆனது. இரண்டாவது, 1952 ஐப்பசியில், குளித்தலையில். அப்போது நடுவே பாலம் கிடையாது, பரிசல்தான். ஆறு பெருகிப் பரிசல் நின்றுபோன அன்று ராத்திரி வலி எடுத்துவிட்டது. கூப்பிடாமலே தெருமுனை வீட்டுக் கிழவி மழையில் நனைந்துகொண்டு வந்து பிரசவம் பார்த்தாராம். மூன்று நாள் கூடவே இருந்து, மருந்து இடித்துக் கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, நாலாம் நாள் பரிசலில் கொள்ளுப்பாட்டி வந்து இறங்கியதும்தான் தன் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"எங்கம்மா வர்ற வரைக்கும் அவர்தான் அந்தக் கெழவியா வந்து இருந்தார்" என்பார் அம்மாச்சி. கண் நிறைந்துவிடும். அன்று பிறந்த குழந்தைதான் என் அம்மா. அதிலிருந்து வருஷம் தவறாமல் ஒரு தார். கொள்ளுப்பாட்டி இறந்த பிறகு, இங்கே கிளம்பும்போதெல்லாம் "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார். 86 வயதுவரை தானே படி ஏறினார். 93 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சன்னதியில் கூட்டம் அதிகமில்லை. பெரிய லிங்கத் திருமேனி, மேற்கு பார்த்த சன்னதி. உறையூர் அரசன் மேல் கோபம்கொண்டு சுவாமி அந்தப் பக்கம் திரும்பினார் என்பது தலபுராணம். அம்மாச்சி அதை ஒப்புக்கொண்டதே இல்லை. "நம்ம ஊர்ப் பக்கம்ல பார்த்துக்கிட்டு இருக்கார்" என்பார்.

குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா பழக்கத்தில் "உத்திரட்டாதி" என்று தொடங்கிவிட்டார். அது அம்மாச்சியின் நட்சத்திரம். வருஷா வருஷம் அந்தப் பெயருக்குத்தான் அர்ச்சனை. அம்மாவுக்கு மேலே பேச்சு வரவில்லை. குருக்கள் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார் அம்மா.

மட்டுவார்குழலி அம்மனையும் தரிசித்துவிட்டு, வெளியே வந்து பழங்களைப் படியேறி வருகிறவர்களுக்குக் கொடுத்தோம். அப்புறம் உச்சிக்கும் ஏறினோம். வடக்கே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் பளிச்சென்று தெரிந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆறு வருகிற மேற்குத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி நெறையப் போகுது" என்றார்.