வானம் பார்த்த டார்ச்

எங்கள் வீட்டு டார்ச் லைட்டுக்கு என்னைவிட வயது அதிகம். மூன்று கட்டை பேட்டரி போடும் பித்தளை டார்ச். மேலே இருந்த குரோமியப் பூச்சு பாதி போய்விட்டது. கை படும் இடமெல்லாம் மஞ்சள் தெரியும். தாத்தா முறைத் தண்ணீர் பாய்ச்சுவதற்காக வாங்கியது. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளுக்குக் கணக்கே கிடையாது. வந்தால் பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வரும். வரப்பில் பாம்பு கிடக்கிறதா என்று பார்ப்பதற்கும் இந்த டார்ச்தான், கிடந்தால் அடிப்பதற்கும் இதே டார்ச்தான். கழுத்தருகே இருக்கும் நெளிசல் அப்படி வந்தது என்பார்கள்.

தாத்தாவுக்குப் பிறகு அப்பாவிடம் வந்தது. அப்பா ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், விட்டால் விட்டதுதான். 2004-இல் என் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, வைத்தீஸ்வரன் கோயிலில் அம்மா பார்க்கச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து சிகரெட்டை விட்டார். டார்ச்சை விடவில்லை. நான் ஒரு எல்.இ.டி. டார்ச் வாங்கிக் கொடுத்தேன். ஒரே ஒரு முறை சுவரில் அடித்துப் பார்த்தார். "ஆஸ்பத்திரி வெளிச்சம்" என்று சொல்லி அலமாரிக்குள் வைத்தார். அது இன்னும் உள்நோயாளியாக அங்கேயே இருக்கிறது.

பழைய டார்ச்சின் பொற்காலம் என்றால் கஜா புயல்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்து ஓய்ந்தபோது ஊரில் நிமிர்ந்து நின்ற மின்கம்பத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப 22 நாள் ஆனது. செல்போனெல்லாம் இரண்டாம் நாளே கண்ணை மூடிவிட்டது. டார்ச் மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு அப்பா ராத்திரியில் நான்கு முறை, ஐந்து முறை எழுந்து மாட்டுத் தொழுவத்துக்குப் போய் வருவார். வாயில்லா ஜீவன் மேல் இந்த மனிதருக்கு எவ்வளவு பாசம் என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். மாடுகளை விற்று இப்போது மூன்று வருடமாகிறது. தொழுவத்தில் தென்னமட்டை அடுக்கி வைத்திருக்கிறோம்.

அப்பேர்ப்பட்ட டார்ச்சுக்குத்தான் போன ஐப்பசி மழையில் வியாதி வந்தது. எரியும், மங்கும், அணையும், நினைத்துக்கொண்டு மறுபடி எரியும். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மா தேங்காய் உடைப்பது போல உள்ளங்கையில் ஓங்கித் தட்டுவாள். என் மகன் இருமல் மருந்து பாட்டிலைக் குலுக்குவது போலக் குலுக்குவான். அப்பா மட்டும் தட்டுவதில்லை. அடிமூடியை ஒரு சுற்றுத் தளர்த்தி, அரைச் சுற்று இறுக்கி, "இதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது" என்பார். அவர் கையில் கொஞ்ச நேரம் எரியும். என் கைக்கு வந்ததும் அணைந்துவிடும். அதற்கு அவர் என்னைப் பார்க்கும் பார்வையில் நான் பத்தாம் வகுப்பில் எடுத்த கணக்கு மதிப்பெண்வரை எல்லாம் தெரியும்.

ஒரு வாரம் கூர்ந்து கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. டார்ச்சை வானத்தை நோக்கிப் பிடித்தால் எரிகிறது, தரையை நோக்கிப் பிடித்தால் அணைகிறது. நட்சத்திரம் பார்க்கலாம், பாம்பு பார்க்க முடியாது.

பஜாரில் எலக்ட்ரிகல் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் சுவிட்சைத் தள்ளி, டார்ச்சை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தினார். உத்தரத்தில் நிலா போல ஒரு வட்டம் விழுந்தது. ஐந்து நிமிடம். ஒரு நடுக்கம் இல்லை. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் துள்ளிக் குதிக்கும் காய்ச்சல்காரக் குழந்தையைப் போல அது நின்றது. "நன்றாகத்தானே எரிகிறது சார்?" என்றார். தரையைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னேன். அதற்குள் அவருக்கு மிக்சி வாடிக்கையாளர் வந்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பல்பு கேட்டேன். 3.8 வோல்ட், 0.3 ஆம்பியர், திருகு மாதிரி. அவர் பரணில் ஏறி, அரிக்கேன் விளக்குத் திரிகளுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து ஊதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் செய்தித்தாளை விரித்து, மல்டிமீட்டரும் உப்புத்தாளுமாக உட்கார்ந்தேன். அப்பா சாய்வு நாற்காலியில், பேப்பர் படிக்கும் பாவனையில்.

பேட்டரிதான் முதல் சந்தேகம். சின்ன வயதில் தீர்ந்த கட்டையை ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து, இரண்டு நாள் கூடுதலாக உயிர் வாங்கிய பரம்பரை நாங்கள். ஆனால் மீட்டர் மூன்று கட்டைக்கும் தலா 1.5-க்கு மேல் காட்டியது. புதுப் பல்பு போட்டேன். அதுவும் பழைய பல்பின் குணத்தோடுதான் நடந்துகொண்டது. ஆக லூஸ் காண்டாக்ட்.

லூஸ் காண்டாக்ட் என்று சொல்லிவிடலாம். எங்கே என்பதுதான் கேள்வி. இந்த மாதிரி டார்ச்சில் உள்ளே கம்பி என்று ஒன்றுமே கிடையாது, உடம்புதான் கம்பி. முதல் கட்டையின் கொண்டை பல்பின் அடியைத் தொட வேண்டும். பல்பின் மரை அதன் கூட்டைத் தொட வேண்டும். அங்கிருந்து தகடு, சுவிட்ச், பித்தளை உடம்பு, அடிமூடியின் மரை, மூடிக்குள் ஸ்பிரிங், ஸ்பிரிங்கிலிருந்து கடைசிக் கட்டையின் துத்தநாக அடி. நடுவில் கட்டையும் கட்டையும் தொடும் இடம் இரண்டு. எண்ணிப் பார்த்தால் பத்து இடம். பத்தில் ஒரு இடத்தில் ஒரு மெல்லிய களிம்பு போதும். 5 ஓம் தடை என்பது பேச்சுக்கு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 0.3 ஆம்பியர் அதன் வழியாகப் போனால் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். மூன்று கட்டை போட்டு ஒரு கட்டையை வழியில் யாருக்கோ தானம் கொடுத்த கதை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "பித்தளைதானே? குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன்" என்றாள். யோசனை தப்பில்லை; களிம்புக்குப் புளி நல்ல மருந்துதான். தேய்த்து, கழுவி, வெயிலில் வைத்து, வழக்கம் மாறாமல் ஒரு பொட்டு குங்குமமும் வைத்துக் கொடுத்தாள். டார்ச் பளபளத்தது. பளபளப்பாக அணைந்தது.

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நோண்டி நோண்டி உள்ளதையும் கெடுத்துவிடாதே. அடிமூடியைக் கழற்ற வேண்டாம். அதை நான் ஒரு கணக்காக வைத்திருக்கிறேன்" என்றார்.

ஆங்கிலத்தில் இதற்கு ஃபிளாஷ் லைட் என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா? 1899-இல் டேவிட் மிசெல் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய காலத்தில் பேட்டரிக்கும் பலமில்லை, பல்பின் கரி இழைக்கும் திறமில்லை. தொடர்ந்து எரிய முடியாமல் பளிச் பளிச் என்று விட்டுவிட்டு அடித்ததால் வந்த பெயர். எங்கள் டார்ச் ஏதோ பிறவிக் குணத்துக்குத் திரும்புகிறது என்று விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் வானமும் பூமியும் நினைவுக்கு வந்தன.

முகம் மேலே பார்க்கும்போது மூன்று கட்டையின் கனமும், ஏறக்குறைய கால் கிலோ, மூடியில் இருக்கும் ஸ்பிரிங்கின்மேல் உட்காருகிறது. எரிகிறது. கவிழ்த்தால் கனம் பல்பின் பக்கம் போகிறது. அணைகிறது. அப்படியென்றால் பல்பின் பக்கம் குற்றமில்லை. அமுக்கினால் மட்டும் வேலை செய்யும் இடம் அடியில் இருக்கிறது. மேசைமேல் நிறுத்திய கடைக்காரருக்கு நோய் ஏன் தெரியவில்லை என்பதும் விளங்கியது.

மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். கட்டைகளைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு துண்டு கம்பியின் ஒரு முனையை உடம்பின் விளிம்பிலும் மறுமுனையை கடைசிக் கட்டையின் அடியிலும் வைத்தேன். எரிந்தது. கவிழ்த்தேன், சாய்த்தேன், ஆட்டினேன். அசையவில்லை. ஆக மூடிதான் குற்றவாளி. மீட்டரின் ஒரு முனையை ஸ்பிரிங்கிலும் மற்றதை மூடியின் மரையிலும் வைத்தால் 7 ஓம் என்றது, 40 என்றது, தொடர்பே இல்லை என்றது, மறுபடி 2 என்றது.

ஸ்பிரிங்கைத் திருகி வெளியே இழுத்தேன். அடியில் ஒரு பொட்டலம். தளர்ந்த ஸ்பிரிங்குக்கு முட்டுக்கொடுக்க யாரோ ஒரு தாளைச் சதுரமாக மடித்து, அதன்மேல் வெள்ளித்தாள் சுற்றி வைத்திருந்தார்கள். வெள்ளித்தாளின் உள்பக்கம் சாதாரணக் காகிதம், அதில் மின்சாரம் ஏறாது. விளிம்பில் சுற்றி வரும் மெல்லிய அலுமினியம்தான் இத்தனை நாளும் மொத்தச் சுமையையும் தாங்கியிருக்கிறது. மடிப்பெல்லாம் விரிசல் விட்டு, வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

பொட்டலத்தை எடுத்துப் போட்டுவிட்டு, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்து நீட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். வேலை முடிந்தது. பூமியைப் பார்த்தும் எரிந்தது. "பக்குவம் கண்டுபிடித்துவிட்டேன் அப்பா!" என்று கத்தினேன். அப்பா பதில் சொல்லவில்லை.

அம்மா குப்பையை அள்ள வந்தவள் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். வெள்ளித்தாளை விரித்து முகர்ந்து பார்த்தாள். "இது சிகரெட் பெட்டித் தாள் இல்லையா?"

"பழசு" என்றார் அப்பா. "எப்போதோ வைத்தது. நம் அப்பா காலத்தில்."

அம்மா உள்ளே போய் மூக்குக் கண்ணாடியோடு வந்தாள். உள்ளே மடித்திருந்த தாளைத் தொடைமேல் வைத்து நீவி நீவி விரித்தாள். செய்தித்தாளின் ஒரு மூலை. பாதித் தலைப்புதான் இருந்தது. எழுத்துக்கூட்டி, அவசரமே இல்லாமல் படித்தாள்: "கஜா புயல் நிவாரண..."

மாமனார் காலமானது 1991-இல் என்பது அம்மாவுக்குத் தெரியாதா என்ன. 22 ராத்திரி, நான்கு முறை, ஐந்து முறை, வாயில்லா ஜீவன் எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். என் கையிலிருந்த டார்ச்சை வாங்கினாள். தட்டவில்லை, குலுக்கவில்லை. நேராக அப்பாவின் முகத்தில் அடித்தாள். விளக்கு ஒரு முறைகூடக் கண் சிமிட்டவில்லை.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "தொழுவத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கொல்லைப் பக்கம் நடந்தார். டார்ச்சைக்கூடக் கேட்கவில்லை.