ஹேவ்லாக்கில் கடைசி நாள்

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு கடலுக்கடியில் இறங்குவது, வேண்டவே வேண்டாம் என்று அந்தமானின் ஹேவ்லாக் தீவில் எங்கள் பயிற்சியாளர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்புக்குள் கரைந்து தங்கிவிடுகிறது. மேலே வந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூச்சோடு வெளியேறும். அதற்குள் விமானத்தில் ஏறினால் சிக்கல். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 8,000 அடி உயர மலைமேல் இருப்பது மாதிரி குறைந்துவிடும். மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழ்களாகப் பொங்கி மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. "நீங்க 24 மணி நேரமே வச்சுக்கோங்க மேடம், எதுக்கு வம்பு" என்றார் அவர்.

அதனால் கடைசி நாளில் கரையைத் தவிர எங்களுக்குப் போக்கிடம் இல்லை. அந்தமான் பயணம் முழுக்க எது நினைவில் நிற்கிறது என்று கேட்டால் பவளப்பாறையையும் ராதாநகர் கடற்கரை அஸ்தமனத்தையும் தாண்டி அந்தக் காலைப்பொழுதைத்தான் சொல்வேன்.

அங்கே பொழுது சீக்கிரமே விடிந்துவிடும். இந்திய நேரம் கிழக்கு தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஹேவ்லாக், அதாவது 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் த்வீப், இருப்பதோ 93 பாகையை ஒட்டி. பாகைக்கு நான்கு நிமிடம் என்று பார்த்தால் சூரியன் நம் கடிகாரத்தை விட நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. மார்ச் கடைசியில் ஐந்தரைக்கெல்லாம் நல்ல வெளிச்சம். சாயங்காலமும் அப்படித்தான், ஆறு மணிக்கே இருட்டிவிடும்.

விஜயநகர் கடற்கரை கிழக்குப் பார்த்தது. நாங்கள் போனபோது தண்ணீர் வெகுதூரம் வற்றியிருந்தது. கரையோரம் கடல் மஹுவா மரங்கள் மணல்மேல் சாய்ந்து நிற்கின்றன. அந்த மரத்தடியில்தான் பையன் முதலில் உட்கார்ந்தான். "அம்மா, இங்க வாயேன், சங்கு நடக்குது" என்றான்.

துறவி நண்டுகள். சருகுக்குள்ளிருந்து பத்திருபது கிளம்பி வந்துகொண்டிருந்தன. மற்ற நண்டுகளைப் போல இதற்கு உடம்பு முழுக்க ஓடு கிடையாது. பின்பாதி மெத்தென்று சுருண்டிருக்கும். செத்துப்போன நத்தையின் கூட்டுக்குள் அதை நுழைத்துக்கொண்டுதான் வாழ்நாள் முழுக்கத் திரிகிறது. உடம்பு வளர்ந்தால் பெரிய கூடு தேடியாக வேண்டும்.

அன்று ஒன்று கூடு மாறியதை அருகிலிருந்து பார்த்தோம். கட்டைவிரல் அளவு நண்டு, பழுப்பு நிறக் கூடு. எதிரே காலியாகக் கிடந்த வெள்ளைக் கூட்டைக் கொடுக்கால் தொட்டது, உருட்டியது, வாய்ப்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பியது. பிறகு ஒரு காலை உள்ளே விட்டு அடிவரைக்கும் துழாவியது. மணல் இருந்தது போல, அள்ளி வெளியே தள்ளியது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தோம். கண்மூடித் திறப்பதற்குள் சிவந்த வெற்றுடம்பு வெளியே வந்து வெள்ளைக் கூட்டுக்குள் பின்னோக்கிப் போய்விட்டது. ஒரு தடவை உடம்பைக் குலுக்கிச் சரிபார்த்துவிட்டு நடையைக் கட்டியது. கொஞ்ச நேரத்தில் அதைவிடச் சின்ன நண்டு ஒன்று வந்து, விட்டுப்போன பழுப்புக் கூட்டைப் பிடித்துக்கொண்டது.

அடுத்து வந்த நண்டின் முதுகில் நீல நிற பிளாஸ்டிக் பாட்டில் மூடி இருந்தது. பாதி உடம்புதான் அதற்குள் அடங்கியது. மீதி அப்படியே வெயிலில். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பையன் எதுவும் பேசவில்லை. வந்த நாள் முதல் பொறுக்கிச் சேர்த்த சங்குகளை ஒரு டப்பாவில் வைத்திருந்தான். அறைக்கு ஓடி அதை எடுத்துவந்து மரத்தடியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தான். மூடிக்கார நண்டு அதற்குள் வேருக்கு அடியில் போய்விட்டது. அது வெளியே வரும்வரை காத்திருக்கலாம் என்று அழாத குறையாகக் கேட்டான். படகுக்கு நேரமாகிவிட்டது.

போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) தனியார் படகில் போனால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் சேரலாம். நாங்கள் அரசுக் கப்பலில் போனோம், இரண்டரை மணி நேரம். எனக்கு அதுதான் பிடிக்கும், மேல்தளத்தில் காற்றோட்டமாக நிற்கலாம். தனியார் படகில் கண்ணாடிக்குப் பின்னால் ஏசியில் உட்கார்ந்தே போக வேண்டும். பாதி வழியில் பறவைக்கோலா மீன்கள் கப்பலுக்குப் பக்கவாட்டில் எழும்பி, அலைக்கு மேலே சல்லென்று பறந்து, தூரப்போய் விழுந்தன. ஒரு முக்கியமான விஷயம்: தீவிலிருந்து வந்த கையோடு விமானம் ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள். கடல் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். கடைசி ராத்திரி போர்ட் பிளேரில் தங்குவதுதான் நிம்மதி.

துறைமுகத்தில் ஏறிய ஆட்டோவில், நாங்கள் பேசுவதைக் கேட்டதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "நம்மூரா அக்கா? நாளைக்கு ஃப்ளைட்டா?" என்றார். தாத்தா காலத்தில் குடியேறிய குடும்பமாம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, நண்பர்களோடு வங்காளம். "பையில சங்கு கிங்கு இருந்தா எடுத்துப் போட்டுடுங்க, விடமாட்டாங்க" என்றும் சொன்னார்.

அவர் சொன்னது உண்மைதான். மறுநாள் காலை விமான நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்தின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். துண்டுக்குள் சுற்றிவைத்த பவளத் துண்டுகள், கை நிறைய. செத்த பவளம்தானே, கரையில் கிடந்ததுதானே என்று அவர்கள் எவ்வளவோ சொல்லியும் அதிகாரி கேட்கவில்லை. பாறை கட்டும் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை; செத்ததற்கும் விலக்கு இல்லை. சட்டத்தையே விடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு பிடி சங்கு அள்ளினால் அந்த நண்டுகள் எங்கே போகும்? கடையில் வாங்கிய சங்குப் பொருள் என்றால் ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

விமானம் மேலே ஏறியதும் தீவுகளைச் சுற்றி நிறங்கள் பட்டை பட்டையாகத் தெரிந்தன. ஆழமில்லாத இடத்தில் வெளிச்சம் வெள்ளை மணலில் பட்டுத் திரும்புவதால் இளம்பச்சை, பவளத்திட்டுக்கு மேலே பழுப்பு, திட்டு முடிந்து தரை சரியும் இடத்தில் சட்டென்று கருநீலம். சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுகிறது, நீலம் மட்டும் ஆழம்வரை போய் மீள்கிறது. போகும்போது இதே காட்சியை அழகு என்று மட்டும் பார்த்தேன். திரும்பும்போது எந்தப் பட்டை எவ்வளவு ஆழம் என்று அடையாளம் தெரிந்தது, அதில் ஒன்றுக்குள் இறங்கி வந்தவர்கள் இல்லையா. கொஞ்ச நேரத்தில் தீவுகள் போய் வெறும் கடல். சென்னைக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல், இரண்டே கால் மணி நேரம் போல ஆனது. இறங்கும்போது பையனுக்குக் காது அடைத்து வலித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்ல ஊதச் சொன்னேன். ஸ்கூபாவில் கற்றுக்கொண்ட அதே வித்தை.

வீட்டுக்கு வந்த உடனே நான் செய்த முதல் வேலை நீச்சல் உடைகளை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டது. உப்பு ஏறினால் எலாஸ்டிக் போய்விடும். அதற்குள் கூடத்தில் பையன் பாட்டியிடம், அதாவது என் மாமியாரிடம், நண்டு கூடு மாறிய கதையை நடித்தே காட்டிக்கொண்டிருந்தான், தலையணை உறை மாட்டிக்கொண்டு. அத்தை இதுவரை கடல் தாண்டிப் போனதில்லை. மே மூன்றாம் வாரம் வாக்கில் அந்தமானில் மழை பிடித்துவிடும் என்பதால் இனி நவம்பருக்குப் பிறகுதான் என்று வீட்டுக்காரர் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அத்தை கதையை நடுவில் நிறுத்தி அவரிடம் கேட்டார்: "கப்பல்ல மேல நிக்கிற இடத்துல உட்கார நாற்காலி இருக்குமாடா?"