மூன்று பேர், மூன்று சர்நேம்

கரூரில் ஜவுளிக்காரர்களுக்கு விசா பேப்பர் தயார் செய்து கொடுப்பதுதான் பதினோரு வருஷமாக என் பிழைப்பு. ஜனவரியில் பிராங்க்பர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சி. பெட்ஷீட்டும் கிச்சன் டவலும் காட்டி ஆர்டர் பிடிக்கப் போகிறவர்கள் தீபாவளி முடிந்த கையோடு என் கடைக்கு வந்துவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்து அக்கா மகன் கோயமுத்தூரிலிருந்து போன் செய்தான். விசா விண்ணப்பத்தை எளிதாக்க அவனும் இரண்டு கூட்டாளிகளும் ஆப் செய்கிறார்கள். புதுத் தொழில் தொடங்குகிறவர்களைக் கைதூக்கிவிடுகிற இன்குபேட்டர் ஒன்றில், சுற்றுலாத் தொழில்களுக்கென்றே இருப்பதில், இடம் கிடைத்துவிட்டதாம். உட்கார இடம், யோசனை சொல்ல ஆள், ஓட்டல்காரர்கள் அறிமுகம் எல்லாம் உண்டாம். "சித்தி, இனிமேல் உங்களுக்கு வேலையே இருக்காது" என்று சிரித்தான். "சரி கண்ணு, ஞாயித்துக்கிழமை வந்து காட்டு" என்றேன்.

ஆப் நன்றாகத்தான் இருந்தது. பாஸ்போர்ட்டைப் படம் பிடித்தால் பெயரும் எண்ணும் தானாக ஏறுகின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளுக்கு மேல் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுமா, இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அதுவே பார்த்துவிடுகிறது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்துப் பார்க்கிற வேலை. கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அப்புறம் எங்கள் வீட்டு பாஸ்போர்ட் மூன்றையும் நீட்டினேன். வீட்டுக்காரர் சர்நேமில் என் மாமனார் பேர். கல்யாணத்துக்கு முன் எடுத்ததால் என்னுடையதில் எங்கள் அப்பா பேர். மகளுடையதில் வீட்டுக்காரர் பேர். குடும்பத்தார் பெயர் பொருந்தவில்லை என்று ஆப் சிவப்பாகக் காட்டியது.

"ஏஞ்சித்தி, யாருக்கும் யாரும் சொந்தமில்லாத மாதிரி இருக்குது?"

"நம்மூர்ல பாதி வீடு இப்படித்தான்."

அதோடு முடிகிறதா? பான் கார்டில் பெயர் விரிவாக, பேங்க் கணக்கில் இனிஷியல் முன்னால், ஜெர்மன்காரர் அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று, விண்ணப்பத்தோடு வைக்கிற கவரிங் லெட்டரில் ஒரு பத்தி எழுதுவேன். உண்மையைச் சொன்னால், என் தொழிலே அந்தப் பத்திதான். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகத்தில் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவிப்பு வந்தபோது, சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தவர்கள் எல்லாம் என் வாசலில் நின்றார்கள். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பேர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள்.

பையன் சிரிப்பதை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தான். "யோசனை சொல்றவங்க இருக்காங்கன்னியே, அவங்க பேருக்கு இனிஷியல் இருக்குதான்னு முதல்ல கேளு" என்று அனுப்பி வைத்தேன்.

இந்த ஞாயிறும் வருகிறானாம். பழைய ஃபைல்களில் ஆள் யாரென்று தெரியாதபடி மறைத்துவிட்டு, குழப்பத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் குறித்து வைக்கிறேன். நாற்பது சேர்ந்துவிட்டது. என் ஃபீஸ் எவ்வளவு என்று மட்டும் அவன் இன்னும் கேட்கவில்லை.