அம்மா, ஐந்து படி, ஒரு இஞ்சு டேப்

தாத்தா தேவகோட்டை தபால் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் அம்மா அங்கே பள்ளிக்கூடம் போன சிறுமி. செட்டிநாட்டு வீடுகளின் திண்ணையில் தட்டாங்கல் ஆடிய கதையைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு தீபாவளி போனதில்லை. "ஒரு தடவை கூட்டிட்டுப் போயேன்டி" என்று போன தை மாதம் அவள் கேட்டபோது வயது 76. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம். வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து இருபது அடி நடப்பாள். வெளியே என்றால் வீல்சேர்.

சரி, பழைய வீடு ஒன்றிலேயே தங்கலாம் என்று தேடினேன். கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் அப்படி ஹோட்டலாக மாறிய வீடுகள் நிறைய. "வீல்சேர் வசதி இருக்கா?" என்று மூன்று இடங்களுக்குப் போன் போட்டேன். மூன்றிலும் "இருக்கு மேடம்." அதில் ஒருவர் இன்னும் அக்கறையாக, "நம்ம பசங்க நாலு பேர் இருக்காங்க, அப்படியே தூக்கி வச்சிருவாங்க" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நான் என்ன அரிசி மூட்டையா?" என்றாள். அந்த இடத்தை விட்டுவிட்டு, படத்தில் அழகாக இருந்த இன்னொன்றைப் பதிவு செய்தேன். தப்பு என்னுடையதுதான். கேட்ட கேள்வியே தப்பு.

திருச்சியிலிருந்து காரில் புதுக்கோட்டை வழியாக இரண்டு மணி நேரம். இறங்கினால் வாசலில் ஐந்து படி. செட்டிநாட்டு வீடு தரையோடு இருக்காது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் புகுந்ததை மறக்காத பரம்பரை, அதனால்தான் வீட்டை மேடாக்கிக் கட்டினார்கள் என்று அந்தப் பக்கம் சொல்வதுண்டு. கடலே இல்லாத சீமையில், கடலுக்குப் பயந்து கட்டிய உயரம் என் அம்மாவின் இடுப்புக்கு வந்து சேர்ந்தது.

"ரேம்ப் இருக்கு மேடம்" என்று ஒரு பையன் பலகை ஒன்றைத் தூக்கி வந்தான். எட்டு அடி இருக்கும். சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும். படி ஒன்று 7 அங்குலம் என்றால் ஐந்து படிக்கு 35 அங்குலம், அதற்கு 35 அடி நீளச் சாய்தளம் வேண்டும். எட்டு அடிப் பலகையில் வீல்சேரை ஏற்றுவது சறுக்குமரத்தில் கீழிருந்து மேலே தள்ளுவது மாதிரி. கடைசியில் நாலு பேர் தூக்கித்தான் உள்ளே போனோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பயத்தில் என்று நினைத்தேன். "வெக்கமா இருந்துச்சு" என்றாள் அப்புறம்.

படியோடு முடியவில்லை. முகப்பு, வளவு (நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம்), இரண்டாங்கட்டு என்று தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளுகிற வீடு. ஒவ்வொரு கட்டுக்கும் பர்மா தேக்கு நிலை, அதன் அடியில் காலைத் தூக்கி வைத்துத் தாண்டும்படி நிலைப்படி. அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடம் போக நாலு நிலைப்படி எண்ணினேன். அறைக் கதவோ இரட்டைக் கதவு. இரண்டையும் திறந்தால் வீல்சேர் நுழைந்துவிடும். பாத்ரூம் கதவு 22 அங்குலம், எங்கள் நாற்காலி 25. உள்ளே ஒரு படி இறக்கம் வேறு, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அன்று ராத்திரி மூன்று முறை அம்மாவைப் பிடித்தபடி அந்தப் படியில் இறங்கி ஏறினேன். நாலாவது முறை வேண்டாம் என்று அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

நிலையை அறுத்துத் தள்ளு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மரத்தை அறுக்க யாருக்குமே மனசு வராது. ஆனால் நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரிச் சரிவுக் கட்டை போட ஒரு தச்சருக்கு ஒரு நாள் போதும். பாத்ரூமில் இரண்டு கைப்பிடிக் கம்பி பதிக்க அதுகூட வேண்டாம்.

மறுநாள் காலை பணியாரமும் கார சட்னியும் அறைக்கே வந்தன. சாப்பிட்டுக்கொண்டே வேறு இடம் தேடினேன். இந்தத் தடவை "வசதி இருக்கா" என்ற பேச்சே இல்லை. கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி, எத்தனை நிலைப்படி? பாத்ரூம் கதவு திறந்தால் எத்தனை அங்குலம்? (32 இருந்தால் நிம்மதி.) உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி இடம் உண்டா? கம்மோடின் உயரம் என்ன? கட்டிலின் உயரம்? கட்டிலை யாரும் கேட்பதில்லை. பழைய கட்டில்கள் சில, ஏற முக்காலி போடும் உயரம். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்குமா? டேப்பை வைத்து போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். இரண்டு இடத்தில் பதிலே இல்லை. காரைக்குடிக்கு வெளியே புதிதாகக் கட்டிய ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் தம்பி, கார் நிறுத்துமிடத்திலிருந்து அறை வரை நடந்தபடியே வீடியோ எடுத்து அனுப்பினார். "ஒரே ஒரு இடத்துல ரெண்டு இஞ்ச் மேடு இருக்கு மேடம்" என்று அவராகச் சொன்னதும் நம்பிக்கை வந்துவிட்டது. குறையைச் சொல்கிற ஹோட்டலை நம்பலாம்.

தூண் இல்லை, வளவு இல்லை, தேக்கு இல்லை. தரையோடு தரையாக ஒரு காட்டேஜ். அம்மா தானே வாக்கரோடு பாத்ரூம் போய் வந்தாள், யாரையும் கூப்பிடாமல். எனக்கு அந்த அறை அரண்மனையாகத் தெரிந்தது. அவளுக்கு அப்படி இல்லை. "பழைய வீடுதான் அழகு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அதுவும் உண்மைதான்.

குன்றக்குடி மலைப்படிகளை அடிவாரத்திலிருந்தே கும்பிட்டோம். கானாடுகாத்தான் தெருக்களில் வீல்சேரைத் தள்ளியபடி வெளியிலிருந்தே வீடுகளைப் பார்த்தோம். தெரு அகலம், நேர், மதியத்தில் ஆள் நடமாட்டம் கிடையாது. இதற்கு டிக்கெட்டும் வேண்டாம், படியும் ஏற வேண்டாம்.

ஆத்தங்குடியில் டைல் செய்யும் பட்டறை ஒன்றுக்குள் நாற்காலி நேரே போனது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, சிமெண்டில் கலந்த நிறங்களைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, கடைசியில் ஈரச் சிமெண்டை அப்பினார்கள். சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறி இறுகி, கண்ணாடியிலிருந்து பிரியும்போதே பளபளப்பு வந்துவிடுகிறது. அரைமணி நேரம் அம்மா அசையவில்லை. ஒருவர் காய்ந்த டைல் ஒன்றை அவள் மடியில் வைத்தார். அம்மா அதைத் தடவிப் பார்த்தாள்.

"ஈரமானா வழுக்குமாப்பா?"

"சோப்புத் தண்ணி பட்டா வழுக்கத்தான் செய்யும் ஆச்சி."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அதையும் எழுதிக்கோடி. அடுத்த தடவை கேக்கணும்."