கூகை வரும் வழி

இருட்டில் பறக்கும் பறவையைக் கமராவோடு துரத்திப் பிடிக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதுவரை துரத்திக்கொண்டுதான் இருந்தேன். யாழ்ப்பாணத்தில், வடமராட்சி கிழக்கின் மணல் வீதிகளில் இரவில் பக்கிக்குருவி உட்கார்ந்திருக்கும். மோட்டர்சைக்கிள் வெளிச்சத்தில் அதன் கண் நெருப்புத்தணல் போலத் தெரியும். கிட்டப் போகும்வரை அசையாது, பிறகு ஒரே எழும்பல். என் கமரா குவியத்தைத் தேடி உறுமிக்கொண்டிருக்கும்போதே அது பற்றைக்குள் போயிருக்கும். எட்டு இரவுகள் அலைந்து கிடைத்ததெல்லாம் கறுப்புப் படங்கள்.

கூகை, ஊரில் சாக்குருவி என்று சொல்லும் வெள்ளை ஆந்தை, அதன் பக்கம் என்னைத் திருப்பியவர் பெரியப்பா. தென்மராட்சியில் அவருடைய வயல். இடத்தை இதற்கு மேல் சொல்ல மாட்டேன். கூடு இருக்கும் இடம் பரவினால் ஆட்கள் ரோச் லைட்டோடு வந்துவிடுவார்கள். மாசியில் அரிவு முடிந்து அடிக்கட்டை மட்டும் நிற்கும் காலம் அது. வரப்பில் ஒரு பூவரசங் கதியால், வேலிக்கு நடுகிற மாதிரிக் கிளைக்கட்டை, நட்டிருந்தார். "உது ஏன் பெரியப்பா?" என்று கேட்டேன்.

"சாக்குருவி வந்து இருக்கட்டும் எண்டுதான். ஆச்சி அது கத்தினால் வீட்டில சாவு விழும் எண்டு சொல்லுவா. ஆனா தம்பி, எங்கட வயலில எலியைக் குறைச்சது மருந்தில்லை, உந்தக் குருவிதான்."

கதியாலின் அடியில் கட்டைவிரல் அளவில் சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தன. கூகை எலியை அப்படியே விழுங்கிவிடும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டிக் கக்கும். ஓர் உருண்டையை உடைத்துப் பார்த்தேன், உள்ளே இரண்டு எலி மண்டையோடுகள் முழுசாக இருந்தன. ஒரே கட்டையின் கீழ் இத்தனை உருண்டைகள் என்றால், அது திரும்பத் திரும்ப அங்கேதான் வருகிறது. வரும் வழி தெரிந்தால் கமராவை வழியில் வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். எல்லாம் அந்த உருண்டைகளில் இருந்துதான் தொடங்கியது.

முதலில் கமராவே இல்லாமல் ஐந்து இரவுகள் இருந்தேன். வயலின் கிழக்கில், போருக்குப் பிறகு ஆட்கள் திரும்பி வராத வீடு ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது. பொழுதுபட்டு அரை மணித்தியாலத்தில் கூகை அங்கிருந்து புறப்படும். பனங்கூடலின் ஓரமாகத் தாழ்வாக வந்து, வரப்பைக் குறுக்கே கடந்து, கட்டைக்குக் கீழிருந்து மேலே எழும்பி அமரும். ஐந்தில் நான்கு இரவு அதே வழி. சத்தமே கிடையாது. அதன் சிறகின் முன்விளிம்பு சீப்புப் பல்லைப் போல இருக்கிறது, மேற்பரப்பு வெல்வெட் போல. காற்றைக் கிழிக்கும் ஒலியை அவை இரண்டும் அடக்கிவிடுகின்றன. என் தலைக்கு மேலால் போனபோதுகூட, வெள்ளை ஒன்று நகர்ந்ததுதான் தெரிந்தது.

அப்புறம்தான் பிளாஷ் விஷயம். என்னைப் போலப் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். சிறகை உறைய வைப்பது ஷட்டர் வேகம் என்று நினைத்திருந்தேன். சாதாரணப் பிளாஷோடு பெரும்பாலான கமராக்கள் 1/200 அல்லது 1/250 செக்கனுக்கு மேல் ஒத்துப்போகாது. அந்த வேகம் கூகையின் சிறகு நுனிக்குப் போதாது. ஆனால் வேறு வெளிச்சமே இல்லாத இருட்டில் படம் பதிவது பிளாஷ் மின்னும் அந்தக் கணத்தில் மட்டும்தான். சிறகை நிறுத்துவது பிளாஷின் மின்னல் எவ்வளவு குறுகியது என்பது. முழுச் சக்தியில் ஒரு சிறிய பிளாஷ் ஏறக்குறைய 1/1000 செக்கனோ அதற்கும் கூடவோ எரியும். 1/16 அல்லது 1/32 சக்திக்குக் குறைத்தால் அதே பிளாஷ் 1/10,000 செக்கன் அளவில் அணைந்துவிடும். நான் கூட்டியே வைத்திருந்தேன். சிறகு நுனிகள் பஞ்சாகிப் போனது அதனால்தான்.

சக்தியைக் குறைத்தால் வெளிச்சம் போதாது. அதைத் தூரத்தால் ஈடு செய்யலாம். தூரம் இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும், ஆகவே பிளாஷைக் கமராவில் பூட்டாமல் பறவை வரும் இடத்துக்கு ஒன்றரை மீற்றர் கிட்டக் கொண்டுபோய்த் தடியில் கட்டினேன். இரண்டு பழைய பிளாஷ்கள் முன்னால் இரு பக்கத்திலும், மூன்றாவது பின்னால் தாழ்வாக, சிறகின் விளிம்பு தெரிய. பக்கத்தில் வைத்ததில் இன்னொரு நன்மை, கண் எரியவில்லை. லென்ஸுக்கு அருகிலிருந்து வெளிச்சம் போனால் அது கண்ணின் உள்ளே பட்டு வந்த வழியே திரும்பும். என் முதல் படங்களில் கூகைக்குக் கண்ணே இல்லை, இரண்டு சிவப்பு வட்டங்கள்தான்.

கதியாலுக்கு ஒரு மீற்றர் முன்னால், அது எழும்பும் இடத்தில், அகச்சிவப்புக் கதிர்க் கருவி ஒன்றைக் குறுக்காக வைத்தேன். கதிர் அறுந்தால் கமரா அடிக்கும். சரி, இனிப் படம்தான் என்று நம்பினேன். முதல் இரவு பதினொரு படம், எல்லாவற்றிலும் வால் மட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது: கட்டளை போய் ஷட்டர் திறக்க 60 மில்லிசெக்கன் என்று வைத்தால், செக்கனுக்கு 5 மீற்றர் பறக்கும் பறவை அதற்குள் 30 சென்ரிமீற்றர் போய்விடும். கதிரைப் பின்தள்ளிப் பார்த்தேன். அது வேகம் மாறி வரும் நாளில் மறுபடி பிசகியது.

தீர்வு பழைய முறை. ஷட்டரை 20 செக்கன் திறந்தே விடுவது, கதிர் கமராவை அல்ல, நேரே பிளாஷை மின்ன வைப்பது. பிளாஷுக்குத் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். மூன்று மணித்தியாலத்தில் 540 படம், அநேகமாக எல்லாமே கறுப்பு. இதற்கு நிலவில்லாத இரவு வேண்டும், அமாவாசையை ஒட்டிய நாட்களில்தான் வேலை செய்தேன். ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்தால் படத்தில் விழும் புள்ளிகளை நீக்குகிற கமரா அமைப்பை (இரைச்சல் நீக்கம்) நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு இன்னொரு 20 செக்கன் கமரா கண்ணை மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் கூகை வந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு சத்தம். கூகையின் இரு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒலி எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதை அதனால் துல்லியமாகப் பிடிக்கும், முழு இருட்டில் காதை மட்டும் நம்பி எலியைத் தூக்கும். அப்படிப்பட்ட பறவைக்கு என் கமராக் கண்ணாடி எழும்பி விழும் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்! இரண்டு முறை பாதி வழியில் திரும்பிவிட்டது. பெரியம்மாவின் பழைய நூல்சேலையை நாலாக மடித்துக் கமராவைச் சுற்றினேன், கமராவையும் நான்கு மீற்றர் பின்னுக்கு எடுத்தேன். அதன் பிறகு அது திரும்பவில்லை.

பனி லென்ஸில் படிந்தது, நுளம்பு, பூச்சிகளும் வௌவால்களும் அறுத்த கதிர், இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இரவில் வயலுக்குள் வெளிச்சம் வெட்டினால் ஆட்கள் பயப்படுவார்கள், அதனால் அயல் வீடுகளுக்கும் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதைச் செய்யாமல் ஒருவரும் இறங்க வேண்டாம்.

இரண்டாவது வருடம் மாசி அமாவாசைக்கு மறுநாள், இரவு ஏழே முக்கால். பிளாஷ் ஒரு தடவை வெட்டியது. கூகை கட்டையில் இருந்தது, கலையவில்லை, தலையைத் திருப்பி வயலைப் பார்த்தது. எட்டரைக்கு அது போன பிறகுதான் கமராவிடம் போனேன். ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 800, லென்ஸ் துவாரம் எஃப் 11. இரண்டு சிறகும் மேலே விரிந்து, ஒவ்வோர் இறகும் தனித்தனியாக, கால்கள் முன்னுக்கு நீண்டு. நெஞ்சின் வெள்ளை வெளிச்சம் கூடிக் கொஞ்சம் எரிந்துவிட்டது. வெள்ளை வயிற்றுக்கு வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் குறைத்திருக்க வேண்டும். பெரியப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். "உந்தக் காலாலதான் தூக்குது, என்ன?" என்றார்.

ஷட்டரைத் திறந்து வைக்கத் தொடங்கியதிலிருந்து ஓர் இரவில் இரண்டு வெட்டுக்கு மேல் வைப்பதில்லை என்று வைத்திருந்தேன். கூட்டுப் பக்கம் போவதேயில்லை. பறவைப் படக்காரர் எரிக் ஹொஸ்கிங் 1937இல் ஓர் ஆந்தைக் கூட்டருகே போய் இடது கண்ணை இழந்தவர். அதைவிட, தாய் கூட்டைக் கைவிட்டுப் போய்விட்டால் குஞ்சுகளை யார் பார்ப்பது? பங்குனி நடுவில் அந்த இடிந்த வீட்டுக்குள்ளிருந்து குஞ்சுகளின் சீறல் கேட்டது. அன்றிரவே மூன்று பிளாஷையும் கழற்றி, கதிர்க் கருவியைச் சுருட்டி எடுத்தேன். பூவரசங் கதியால் துளிர்த்திருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.