குழாய் லேயர் வந்துவிட்டது, ஆனாலும் அனுப்பவில்லை

கணினி வரைபடத்தில் நிலத்தடிக் குழாய்களைக் காட்டும் அந்த லேயரை (ஓர் அடுக்கை) அன்றே அனுப்பியிருக்கலாமா என்று கேட்டால் என்னிடம் இன்றும் இரண்டு பதில்கள் உண்டு. நிறுத்தி வைத்தது நான்தான். அதற்கு நான் சொன்ன காரணம் சரியான காரணம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, என்னோடு வேலை பார்க்கும் தம்பி திருப்பிக் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது பதிலே இல்லை.

மென்பொருளில் லேயர் பட்டியலில் இருந்தது, டிக் போட்டிருந்தது, வரைபடம் தெரிய வேண்டிய கேன்வாஸில் மட்டும் ஒன்றும் இல்லை. தம்பி முறையாகத்தான் தேடினான். மேலே வேறு பாலிகன் லேயர் மூடியிருக்கிறதா, ஒபாசிட்டி பூஜ்யமாகிக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறதா, குறிப்பிட்ட ஸ்கேலில்தான் தெரிய வேண்டும் என்று யாராவது வைத்திருக்கிறார்களா, பழைய ஃபில்டர் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தான். கேட்டகரி வாரியாக நிறம் கொடுத்திருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. டேபிளில் இருக்கும் பெயரும் நிறம் கொடுக்கும் சிம்பாலஜியில் இருக்கும் பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோடுகள் வரையப்படாது, பிழைச் செய்தியும் வராது. அதுவும் இல்லை. குழாய்களின் விவரங்கள் இருக்கும் அட்ரிபியூட் டேபிளில் வரிகள் முழுசாக இருந்தன.

ஜூம் டு லேயர் கொடுத்ததும் வரைபடம் ஆப்பிரிக்காவுக்குப் பறந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பின்னணியில் வைக்கும் பேஸ்மேப், இணைய வரைபடங்களுக்கான வெப் மெர்கேட்டர் முறையில் இருக்கும்போது, பூமியை 6 டிகிரி மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் யூடிஎம் முறையின் மீட்டர் எண்களை மென்பொருள் வெப் மெர்கேட்டராகவே படித்தால், நிஜ இடம் எதுவானாலும் லேயர் கிழக்குத் தீர்க்கரேகை 1.5 முதல் 7.5 டிகிரிக்குள்தான் போய் விழும். யூடிஎம்மில் ஒவ்வொரு மண்டலத்தின் நடுக்கோட்டுக்கும் 5,00,000 மீட்டர் என்று எண் கொடுத்திருப்பதால் வருவது இது. எண்களை டிகிரியாக எடுத்துக்கொள்ளவும் வழியில்லை, தீர்க்கரேகை 180ஐத் தாண்டாது. லேயர் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தது. கோப்புறையைத் திறந்தால் எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் கோப்புகள் மூன்றும் இருக்கின்றன, எண்கள் எந்த முறையில் எழுதப்பட்டவை என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பு இல்லை. அது இல்லாவிட்டாலும் கோடுகள் வரையப்படும். பூமியில் எங்கே வரைவது என்பதுதான் தெரியாது.

இப்படி இடத்தை எண்ணாக எழுதும் முறைக்குத்தான் சிஆர்எஸ் என்று பெயர். தம்பி செட் லேயர் சிஆர்எஸ் போய் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தான். பக்கத்து மண்டலத்தைக் கொடுத்தபோது லேயர் சரியாக 6 டிகிரி தள்ளி நின்றது. பழைய டேட்டத்தில் (அளவுகளைப் பூமியோடு பிணைக்கும் அடிப்படை அது) ஏறக்குறைய ஒரு தெரு தள்ளி. அடுத்ததில் குழாய்கள் சாலைகளோடு போய் உட்கார்ந்துவிட்டன.

"வந்துடுச்சு அக்கா."

"எந்த சிஆர்எஸ்?"

சொன்னான்.

"அதுதான்னு எப்படித் தெரியும்?"

"சாலையோட பொருந்துதே அக்கா."

நான் அனுப்பாதே என்றேன். தரவைக் கொடுத்தவர்களுக்கு மெயில் போடு, பிஆர்ஜே வரட்டும் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. அன்று மாலைக்குள் கொடுப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தோம்.

என் தரப்பு இது. செட் லேயர் சிஆர்எஸ் எண்களைத் தொடுவதில்லை, இந்த எண்கள் இந்த முறையில் எழுதப்பட்டவை என்று மென்பொருளுக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. நிஜமாகவே எண்களை மாற்ற ரீப்ரொஜெக்ட் செய்ய வேண்டும். ஆர்க்ஜிஐஎஸ் என்ற மென்பொருளில் டிஃபைன் ப்ரொஜெக்‌ஷன், ப்ரொஜெக்ட் என்று இரண்டு கருவிகள் தனித்தனியாக இருப்பதும் இதனால்தான். ஆக, தம்பி செய்தது திருத்தமல்ல, ஒரு வாக்குமூலம். அதுவும் கண்ணால் பார்த்துக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பிசகினால் கண்ணுக்குத் தெரியும், 200 மீட்டர் பிசகினாலும் தெரியும். 2 மீட்டர்? ஆஸ்திரேலியாவில் ஜிடிஏ94, ஜிடிஏ2020 என்ற இரண்டு டேட்டங்களுக்கு இடையே வித்தியாசம் ஏறக்குறைய 1.8 மீட்டர்தான். அந்தக் கண்டத்தட்டு ஆண்டுக்கு 7 செ.மீ. வீதம் நகர்வதால் சேர்ந்த இடைவெளி அது. அங்கே எதைத் தேர்ந்தெடுத்தாலும் சாலையோடு பொருந்தத்தான் செய்யும். பேஸ்மேப்பின் செயற்கைக்கோள் படமே சில மீட்டர் தள்ளியிருக்கலாம். இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மண்ணைத் தோண்டப் போகிறார். குழாய் நடைபாதைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது அவருக்கு முக்கியம்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டான். அப்புறம் கேட்டான்: "கூட வந்த வால்வு லேயர், மீட்டர் லேயர் எல்லாத்துக்கும் பிஆர்ஜே இருக்கு அக்கா. அதை யார் போட்டாங்கன்னு நாம கேட்டோமா?"

"அது அவங்க பொறுப்பு" என்றேன்.

அந்தப் பதிலைத்தான் இன்னமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பிஆர்ஜே என்பது ஒரு வரி எழுத்து. அங்கே இவனைப் போலவே ஒருவர் உட்கார்ந்து, பொருந்துகிற வரைக்கும் மாற்றிப் பார்த்து, சேமித்து அனுப்பியிருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? கோப்பில் கேள்விக்குறி வராது, அவ்வளவுதான். இவன் என் கண்முன்னால் ஊகித்ததால் தடுத்தேன், கண்ணுக்குத் தெரியாமல் நடந்த ஊகத்தை நம்பி எத்தனையோ வரைபடங்களைக் கொடுத்திருக்கிறோம். அதற்காக வருகிற ஒவ்வொரு லேயரையும் சந்தேகப்பட முடியுமா? வேலை ஓடாது. எங்காவது ஓரிடத்தில் நம்பித்தான் ஆக வேண்டும், அந்த இடம் தரவைக் கொடுத்தவராக இருப்பதுதான் நியாயம். இப்படி நினைத்தால் சமாதானமாக இருக்கிறது. நியாயம் என்பது பொறுப்பை யார் மேல் போடுவது என்பதற்கான பதில். குழாய் எங்கே இருக்கிறது என்பதற்கு அது பதிலாகாது.

மேலிடத்தில் கோபப்பட்டார்கள். அதற்குள் போக விரும்பவில்லை.

பிஆர்ஜே வந்தது. தம்பி கொடுத்த அதே சிஆர்எஸ். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊகம் சரியாகிவிட்டதால் ஊகித்தது சரியாகிவிடாது என்று சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தேன்.

அந்த பிஆர்ஜே கோப்பின் தேதியைப் பார்த்தேன். எங்கள் மெயில் போன பிறகு உருவானது. தேதியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மறுபடி எக்ஸ்போர்ட் செய்தாலும் மாறும், பதிவிறக்கினாலும் மாறும். அவர்களிடம் அளவெடுத்தவரின் குறிப்பு இருந்து அதைப் பார்த்துப் போட்டிருக்கலாம். அவர்களும் ஒரு பேஸ்மேப்பைத் திறந்து வைத்து, சாலையோடு பொருந்துகிறதா என்று பார்த்துப் போட்டிருக்கலாம். கேட்கலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே தாமதம். கோப்பு முறைப்படி வந்துவிட்டது. வரைபடத்தை அனுப்பச் சொன்னேன்.

இப்போது லேயரைப் பற்றிய குறிப்பான எங்கள் மெட்டாடேட்டாவில் சிஆர்எஸ் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். தம்பி தான் பொருத்திப் பார்த்து முடிவு செய்த லேயர்களுக்கு அப்படியே எழுதிவிடுகிறான், எந்தெந்தச் சாலைச் சந்திப்புகளில் எவ்வளவு விலகல் என்பதோடு சேர்த்து. பிஆர்ஜேயோடு வந்தவற்றுக்கு நான் "கொடுத்தவர் தந்தது" என்று எழுதுகிறேன். இரண்டில் எதைப் படிக்கிறவர் அதிகம் தெரிந்துகொள்கிறார் என்று அவன் இன்னும் கேட்கவில்லை.