வைவாவுக்கு முதல் சிறுநீரகத்தைப் படித்த விதம்

உயிரிரசாயன வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், என் முன்னால் ஒரு இரத்த அறிக்கையை வைத்தார்கள். யூரியா மிக அதிகம், கிரியற்றினின் (தசைகளிலிருந்து வரும் கழிவு) 9, பொட்டாசியம் 7.1, பைகாபனேற்று 12. "இதில் எது இந்த ஆளை இன்றிரவே கொல்லக்கூடியது?" என்று பரீட்சகர் கேட்டார். யூரியா என்றேன். பிழை. பொட்டாசியம்தான். சிறுநீரகம் வழியாக வெளியே போக முடியாமல் அது குருதியில் தேங்கினால் ஈ.சீ.ஜீயில் T அலை கூராக எழும், பிறகு இதயத்துடிப்பு குழம்பும், நின்றும் போகலாம். கூடுகிறவை, குறைகிறவை என்ற பட்டியல் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனால் சிறுநீரகத்தின் எந்த வேலை நின்றதால் எந்த எண் மாறியது என்று ஒருநாளும் யோசித்ததில்லை, அந்தப் பாடத்தில் சறுக்கியது அதனால்தான்.

இரண்டாம் தடவை பட்டியலைத் தொடவேயில்லை. ஒரு பெரிய தாளில் ஒரேயொரு சிறுநீரகத்தியை (சிறுநீரகத்தின் நுண்ணிய வேலை அலகு, நெஃப்ரோன்) வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் என்ன வேலை நடக்கிறது, அது நின்றால் அறிக்கையில் எது மாறும் என்று பக்கத்திலேயே எழுதினேன். ஏ.எல்லைத் தமிழில் படித்துவிட்டு கொழும்பில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறவர்கள் முதல் தடவை தமிழிலேயே எழுதிப் பாருங்கள், விளங்காத இடம் உடனே தெரியும்.

சிறுநீரகத்திகளின் தொடக்கத்தில் குருதியை வடிக்கும் கலன்கோளங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் வடிக்கின்றன, சிறுநீராகப் போவது ஒன்றரை லீற்றர் அளவுதான். வடிப்பு குறைந்தால் யூரியாவும் கிரியற்றினினும் ஏறும், சரி, ஆனால் கிரியற்றினின் பிந்தித்தான் காட்டிக்கொடுக்கும். மெலிந்த பெண்ணொருவருக்கு 0.6 இருந்தது 1.2 ஆனால் பல ஆய்வுகூடங்களின் அறிக்கையில் அது சாதாரண எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கும், ஆனால் அவருடைய வடிப்பு வேகத்தில் பாதி போய்விட்டது. இந்த ஒரு கணக்கை விளங்கிக்கொண்டால் ஈ.ஜீ.எஃப்.ஆர் (கிரியற்றினினோடு வயதும் பாலும் சேர்த்துக் கணிக்கும் வடிப்பு வேகம்) எதற்கு என்பதும் விளங்கும்.

அமிலத்தை வெளியேற்றும் வேலை நின்றால், அதை நடுநிலையாக்கும் பைகாபனேற்று இறங்கும், அதை ஈடுசெய்ய நோயாளி ஆழமாக மூச்செடுப்பார். சோடியம் 136, குளோரைட்டு 100, பைகாபனேற்று 12 என்றால் அனயன் இடைவெளி (சோடியத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் வருவது) 24, வழமையில் 12 அளவுதான். கையால் போட்டுப் பழகுங்கள், வைவாவில் கல்குலேற்றர் தரமாட்டார்கள். ஓமோன் பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செங்கலங்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபொயெற்றின் குறைவதால் குருதிச்சோகை. விற்றமின் டீ செயல்வடிவத்துக்கு மாறாததாலும் பொஸ்பேற்று தேங்குவதாலும் கல்சியம் இறங்கி, பராதைரொயிட் ஓமோன் ஏறி, எலும்பு கரையும். கல்சியம், பராதைரொயிட், எலும்பு மூன்றும் தனித்தனி விடயமல்ல, ஒரே சங்கிலி.

பொட்டாசியம் எனக்கு உண்மையில் விளங்கியது வெள்ளவத்தையில் நான் அறை எடுத்திருந்த வீட்டுக் குசினியில். அந்த வீட்டு அங்கிளுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயலிசிஸ். அன்ரி உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, பொட்டாசியம் அதோடு போகட்டுமென்று அந்தத் தண்ணீரை அப்படியே வெளியே ஊற்றிவிட்டுத்தான் கறிவைப்பார். ஒருநாள் வெயிலுக்கு நல்லதென்று காலி வீதியில் இரண்டு செவ்விளநீர் வாங்கிக்கொண்டு போனேன். "தம்பி, நீங்கள் குடியுங்கோ, அங்கிளுக்குக் காட்டவும் வேண்டாம், அதிலை பொட்டாசியம் கூட" என்றார். எந்த விரிவுரையும் அப்படி என் மனதில் பதியவில்லை.

மீள்பரீட்சையிலும் பொட்டாசியம் வந்தது, 6.9, ஆனால் யூரியாவும் கிரியற்றினினும் சாதாரணம், ஈ.சீ.ஜீயும் சாதாரணம். இந்தத் தடவை அவசரப்படாமல் இரத்த மாதிரி இருந்த குழாயைப் பார்க்கக் கேட்டேன். குருதியில் மேலே தெளியும் சீரம் சிவந்திருந்தது. செங்கலங்கள் உடைந்து உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே வந்திருக்கிறது, மாதிரியைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றேன். பரீட்சகர் அடுத்த கேள்விக்குப் போனார்.